டிஸ்க் கோல்ஃப் பை: கொங்கு நாட்டில் புதிதாக ஆடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டிஸ்க் எனப்படும் பிளாஸ்டிக் தட்டை எறிந்து, குறைந்த எறிகளில் கூடைக்குள் விழவைப்பதுதான் டிஸ்க் கோல்ஃப். மூன்று டிஸ்க்குகள் இருக்கும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு ஆடிவிடலாம். எண்ணிக்கை ஏழெட்டாகி, தண்ணீர் பாட்டிலும் துண்டும் சேர்ந்துவிட்டால் பை இல்லாமல் முடியாது. நம் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் கடைகளில் இந்த விளையாட்டுக்கென்றே செய்த பையைத் தோளில் மாட்டிப் பார்த்து வாங்குவது அரிது. எனவே இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது, உள்ளூரில் தைத்துக்கொள்வது என்ற மூன்று வழிகள்தான் மிஞ்சுகின்றன. மூன்றிலும் அலைந்து முடித்தவன் என்ற முறையில், அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். தோப்பிலோ, கல்லூரி மைதானத்திலோ, நண்பரின் தோட்டத்திலோ தற்காலிகக் கூடை நட்டு ஆடுகிறவர்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் எடையைக் கூட்டிப் பாருங்கள்

எந்தப் பை என்று தேடுவதற்கு முன் எவ்வளவு சுமக்கப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கூட்டுங்கள். விதிப்படி ஒரு டிஸ்க் 200 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாம் பயன்படுத்துபவற்றில் பெரும்பாலானவை 165 முதல் 175 கிராம் வரை இருக்கும். ஆக, 18 டிஸ்க்குகள் ஏறத்தாழ 3 கிலோ. முதுகுப் பையின் சொந்த எடை ஒன்றரை முதல் 2 கிலோ. சித்திரை வெயிலில் 18 கூடைகள் ஆடி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். அது 2 கிலோ. துண்டு, குடை, சாவி, கைப்பேசி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 7 கிலோவைத் தொடும். எட்டு டிஸ்க்கும் ஒரு லிட்டர் தண்ணீரும் மட்டும் என்றால் பையோடு சேர்த்து 3 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கூட்டல்தான் பையின் வகையைத் தீர்மானிக்கிறது. பத்து டிஸ்க்குகள் வரை ஒற்றைத் தோள் பை போதும். அதற்கு மேல் போனால் ஒரே தோளில் சுமை இறங்கிக் கழுத்துவரை வலி ஏறும். இரு தோள்களிலும் மாட்டும் முதுகுப் பைக்கு மாறிவிடுங்கள். சக்கரம் வைத்த வண்டிப் பை நம் நிலத்துக்குச் சரிப்படாது. வரப்பையும் வாய்க்காலையும் தாண்டித் தூக்கிப் போக வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். சொட்டுநீர்க் குழாய்களின்மேல் அதை உருட்டிக்கொண்டு போகிறவரைத் தோட்டக்காரர் மறுபடி உள்ளே விடமாட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இதில் உள்ள பொறி கொள்ளளவு எண்தான். விளம்பரத்தில் 20 டிஸ்க் கொள்ளும் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் டிரைவர் எனப்படும், தொலைவுக்கு எறியும் மெல்லிய டிஸ்க்குகளை இறுக்கி அடுக்கிச் சொன்ன எண்ணிக்கை. கூடைக்கு அருகிலிருந்து எறியும் பட்டர்களும் நடுத்தரத் தொலைவுக்கான மிட்ரேஞ்சுகளும் தடிமன் கூடியவை. உங்களிடம் அவை அதிகமாக இருந்தால் அந்த எண்ணில் இரண்டு மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு ஆடுகிறவருக்கு 10 அல்லது 12 டிஸ்க்குகளுக்கு மேல் உண்மையில் தேவைப்படாது. காலி இடம் இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும்.

2. அளவுநாடாவைக் கையில் எடுங்கள்

கோல்ஃப் டிஸ்க்கின் விட்டம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். அது பையில் படுத்திருக்கக் கூடாது. நூலகத்து அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் விளிம்பு நம்மைப் பார்த்தபடி வரிசையாக நிற்க வேண்டும். அப்போதுதான் எது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும், ஒன்றை உருவினால் மற்றவை சரியாது. எறிய உங்களுக்கு விதி தரும் நேரம் 30 விநாடி என்பதால் பைக்குள் துழாவிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டில் கிடக்கும் கல்லூரிப் பையோ மடிக்கணினிப் பையோ ஏன் உதவாது என்பதற்கும் இதுதான் விடை. அவற்றின் ஆழம், அதாவது முதுகிலிருந்து வெளிப்பக்கம் வரையிலான அளவு, பெரும்பாலும் 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். 21 சென்டிமீட்டர் டிஸ்க் அதில் விளிம்பு காட்டி நிற்காது. முதுகோடு ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். டிஸ்க் அறைக்கு உள்ளளவாக ஆழம் 22 முதல் 23 சென்டிமீட்டர், உயரமும் அதே அளவு என்று தேடுங்கள். அகலத்தை நீங்களே கணக்கிட வேண்டும்: உங்கள் டிஸ்க்குகளை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உயரத்தை அளந்து, அதோடு இரண்டு விரற்கடை கூட்டினால் போதும். விற்பவர் தரும் அளவு பெரும்பாலும் பையின் வெளியளவு. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச், பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது தின்றுவிடும். உள்ளளவு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடிவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அந்த 175 கிராம் டிஸ்க்கின் விட்டம் 27 சென்டிமீட்டருக்கு மேல். அது கோல்ஃப் பையின் அறைக்குள் போகாது. அதையும் எடுத்துப் போகும் வழக்கம் இருந்தால் வெளிப்புறத்தில் வார் கட்டி மாட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. துணி, ஜிப், தையல்: பணம் போக வேண்டிய இடம்

பையின் ஆயுள் இந்த மூன்றில்தான் இருக்கிறது. நிறத்துக்கும் சின்னத்துக்கும் கொடுக்கும் பணத்தை இங்கே கொடுங்கள்.

துணியின் கனத்தை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 9,000 மீட்டர் இழை 600 கிராம் இருந்தால் அது 600 டெனியர். திருப்பூர்க்காரர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நமக்குப் பழகிய பருத்தி நூல் கவுண்ட் கணக்கில் எண் கூடினால் நூல் மெலியும், டெனியரில் எண் கூடினால் இழை தடிக்கும். நம் வேலிகளுக்கும் முட்களுக்கும் 600 டெனியருக்குக் குறைந்த துணி தாங்காது. அடிப்பகுதிக்கும் பக்கங்களுக்கும் 1,000 டெனியர் இருந்தால் நல்லது. ஒரு விற்பனையாளரின் விளம்பரத்தில் 1,000 டெனியர் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து விசாரித்தேன். பையின் அடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் அந்தத் துணியாம், மீதியெல்லாம் 300. முழுப் பையுமா, எந்தப் பகுதி மட்டுமா என்று நீங்களும் கேளுங்கள்.

நைலான் உராய்வைத் தாங்கும், ஆனால் தொடர்ந்து வெயிலில் கிடந்தால் வலு குறையும். பாலியஸ்டர் வெயிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஈடுகொடுக்கும். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கத்தவர்கள் பாலியஸ்டரைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. துணியின் உட்புறத்தில் நீர் புகாமலிருக்கப் பூசிய பூச்சை விரலால் தேய்த்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ அந்தப் பை கிடங்கில் நெடுநாள் கிடந்தது என்று அறியலாம்.

ஜிப்பில் 5, 8, 10 என்று எண் உண்டு. மூடிய நிலையில் பல்வரிசையின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். சின்ன அறைகளுக்கு 5 போதும். டிஸ்க் அறைக்கு 8 அல்லது 10 வேண்டும். கோவையில் எனக்குப் பை தைத்துக் கொடுத்தவர் டிஸ்க்குகளைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “அஞ்சாம் நம்பரு ஜிப்பு இந்தக் கனத்துக்கு நிக்காதுங், பத்தே போட்டுக்குங்க” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உலோக ஜிப் வேண்டாம். வியர்வை உப்பில் பச்சை பூத்து இறுகிவிடும். ஜிப் கெட்டுப்போவது பெரும்பாலும் பல் உடைந்து அல்ல, ரன்னர், அதாவது இழுத்து மூடும் பகுதி, தேய்ந்து வாய் அகன்றுபோவதால்தான். ரன்னரை மட்டும் மாற்றுவது சில பத்து ரூபாய் வேலை. ஆகவே பொதுவாகக் கிடைக்கும் எண்ணில் உள்ள ஜிப்பையே கேளுங்கள். விசேஷ வடிவ ஜிப் போட்ட வெளிநாட்டுப் பைக்கு ரன்னர் தேடி அலைய நேரிடும்.

வெல்க்ரோவை நான் அறவே தவிர்ப்பேன். மழை விட்ட பிறகு நம் தோப்புகளில் முளைக்கும் ஒட்டுப்புல்லின் விதைகள் அதன் கொக்கிப் பக்கத்தில் கொத்துக்கொத்தாகப் புகுந்துகொள்கின்றன. பழைய பல் துலக்கியை வைத்து ஒவ்வொன்றாகக் கெல்லி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் அது முன்போல் ஒட்டுவதில்லை. வலைத்துணியில் செய்த பாட்டில் பையும் அப்படித்தான்: சீமைக் கருவேல முள் ஒன்று மாட்டினால் ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகும்.

தையலைப் பார்க்கப் பையின் உட்புறத்தை வெளியே திருப்புங்கள். துணியின் வெட்டு விளிம்பு நாடா வைத்து மூடப்பட்டிருக்கிறதா, நூல் பிசிறி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். தோள் வார் பையோடு சேரும் இடத்தில் சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நெருக்கமாக ஓட்டிய பார்டாக் தையலோ இருக்க வேண்டும். வாரின் முனை துணியின்மேல் ஒட்டினாற்போல் தைக்கப்படாமல், இரண்டு துணிகளின் இணைப்புக்குள் புகுந்து வெளிவர வேண்டும். பை அறுவது எப்போதும் இங்கேதான்.

4. சுமையோடு மாட்டிப் பாருங்கள்

காலிப் பை எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். கடையிலோ நண்பரிடமோ பை மாட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், மூன்று ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களும் நிறைந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

தோள் வார் ஆறேழு சென்டிமீட்டர் அகலமாக, கழுத்தை உரசாதவாறு வளைந்து, உள்ளே அழுத்தினால் மறுபடி எழும் ஸ்பாஞ்ச் வைத்ததாக இருக்க வேண்டும். இரு விரலால் அழுத்தும்போது விரல்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்த ஸ்பாஞ்ச் ஆறு மாதத்தில் தகடாகிவிடும். டிஸ்க் அறை முதுகிலிருந்து ஒரு சாணுக்கு மேல் பின்னால் துருத்திக்கொண்டிருப்பதால் பை எப்போதும் நம்மைப் பின்னுக்கு இழுக்கும். மார்புக்குக் குறுக்கே மாட்டும் சின்ன வார் இந்த இழுப்பைப் பெருமளவு குறைக்கிறது. அது மேலும் கீழும் நகர்த்தக்கூடியதாக இருந்தால்தான் பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் பயன்படும்.

நம்மில் பலர் மைதானத்துக்குப் போவது இருசக்கர வண்டியில். முதுகில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பையின் அடி பின் இருக்கையில் ஊன்றுகிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். ஊன்றினால் தோளுக்குச் சுமை தெரியாது. வார்களின் மிச்ச முனைகள் நீளமாகத் தொங்கினால் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு அடக்குங்கள். பின் சக்கரத்திலோ சங்கிலியிலோ அவை மாட்டினால் விளைவு விபரீதமாகும்.

5. அடிப்பகுதியை மறக்காதீர்கள்

ஒவ்வோர் எறிக்கும் பையைக் கீழே வைத்து எடுக்கிறோம். கூடைக்கு மூன்று எறி என்றே வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 54 முறை அது மண்ணில் உட்கார்ந்து எழுகிறது. பொள்ளாச்சிப் பக்கம் காலைப் பனியில் நனைந்த செம்மண், பல்லடம், தாராபுரம் பக்கம் மழைக்குப் பிறகு அப்பிக்கொள்ளும் கரிசல், தோப்புக்குள் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் முதலில் தொடுவது அடிப்பகுதியே.

அங்கே வெறும் துணி இருந்தால் வேண்டாம். வார்த்த ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அடி, இல்லையென்றால் லாரித் தார்ப்பாய்க்குப் பயன்படும் கனத்த பி.வி.சி. துணி இருக்க வேண்டும். பை விழாமல் தானாக நிற்க வேண்டும் என்பது அடுத்தது. டிஸ்க் வைத்து, மேலே ஒரு பாட்டிலையும் செருகி, சற்றே சரிவான தரையில் நிறுத்திப் பாருங்கள். நீர் வடிய அடியில் இரண்டு சிறு கண்கள் இருந்தால், நனைந்த டிஸ்க்குகள் உள்ளே ஊறிக்கொண்டிருக்காது.

6. எங்கே வாங்குவது: செலவும் தாள்களும் காலமும்

உள்நாட்டு இணையக் கடை. இறக்குமதிப் பை என்றால் லேபிளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள், திருப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். தகராறு வந்து கடைக்காரர் பதிலளிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரசீது இல்லாமல் அங்கே போய்ப் பயன் குறைவு.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தல். விளையாட்டுக்கென்றே செய்யும் நிறுவனங்களின் தோள் பை 20 முதல் 40 டாலர், நடுத்தர முதுகுப் பை 60 முதல் 120 டாலர், உயர்ரகம் 200 டாலருக்கும் மேல் என்று விலை போகும். அதிர்ச்சி கூரியர் கட்டணத்தில் காத்திருக்கிறது. கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதில் வரும் எண்ணோடு ஒப்பிட்டு எது கூடுதலோ அதற்குக் காசு வாங்குவது வழக்கம். 45, 30, 25 சென்டிமீட்டர் பெட்டியில் வரும் 2 கிலோப் பைக்கு நீங்கள் 6.75 கிலோவுக்குக் கட்டணம் செலுத்துவீர்கள். மடங்கும் பை என்றால் தட்டையாக மடித்து அனுப்பும்படி கேளுங்கள். விறைப்பான சட்டம் வைத்த பைக்கு இந்த வழியே வேண்டாம்.

சுங்க வரியும் பையின் விலையோடு கூரியர், காப்பீட்டுச் செலவையும் சேர்த்த தொகையின்மேல்தான் கணக்கிடப்படும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும், கூரியரின் கையாளும் கட்டணமும் உண்டு. ஆதார் அல்லது பான் நகல், முகவரிச் சான்று, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றைக் கூரியர் கேட்கும். பார்சலில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் தலைப்பெழுத்து உட்பட ஒன்றாக இருக்கட்டும். நம்மூர்த் தலைப்பெழுத்து முறையால் பார்சல் நிற்பது சாதாரணம். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. சிங்கப்பூரிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ கோவைக்கு நேர் விமானத்தில் உறவினர் வருகிறார் என்றால், பையைத் துணிமணி நிரப்பி எடுத்துவரச் சொல்வதுதான் இவை எல்லாவற்றையும்விட எளிது.

உள்ளூரில் தைத்தல். என் முதல் பரிந்துரை இதுதான். துணி, நாடா, பக்கிள், ஜிப், நூல் எல்லாம் திருப்பூரிலும் கோவையிலும் கிடைக்கும்; கனத்த துணி தைக்கும் இயந்திரமும் இருக்கிறது. ஆனால் சட்டை தைப்பவரிடம் போகாதீர்கள். பள்ளிப் பை, ரெக்ஸின் பை தைப்பவரோ, நாமக்கல், சங்ககிரி, கரூர்ப் பக்கம் என்றால் லாரித் தார்ப்பாய் தைப்பவரோதான் இதற்கு ஆள். அவரிடம் சொல்ல வேண்டியவை: உடலுக்கு 600 டெனியருக்குக் குறையாத பாலியஸ்டர், அடிக்குத் தார்ப்பாய்த் துணி, டிஸ்க் அறையின் சுவர்களுக்கு ஈ.வி.ஏ. எனப்படும் விறைப்பான நுரைத் தகடு, 25 மில்லிமீட்டர் நாடா, 10-ஆம் எண் பிளாஸ்டிக் ஜிப், பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். அளவைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு பழைய டிஸ்க்குகள் நான்கைந்தை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். பொருள் கையில் இருந்தால் வாய் குறுகலாகத் தைக்கமாட்டார்.

பொருளும் கூலியும் சேர்த்து 2,000 முதல் 3,000 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். ஏப்ரலிலிருந்து ஜூன்வரை பள்ளிப் பை வேலை குவிந்திருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் போனால் ஓரிரு வாரத்தில் வேலை முடிந்து கைக்கு வரும், நிதானமாகவும் தைத்துத் தருவார்கள்.

7. பை வந்த அன்று

பார்சலைப் பிரிக்கும்போதே முகவரி ஒட்டு தெரியும்படி வெட்டு இல்லாத காணொளி எடுங்கள். பிறகு அரிசியையும் தண்ணீரையும் நிரப்பி, ஒரு வாரை மட்டும் பிடித்துத் தூக்கி நாலைந்து முறை உதறுங்கள். தையல் இளகினால் அன்றே திருப்புங்கள். எல்லா ஜிப்பையும் கடைசிவரை ஓட்டி, குறிப்பாக மூலை வளைவில் சிக்குகிறதா என்று பாருங்கள். குடத்திலிருந்து தண்ணீரை மேலே ஊற்றிப் பார்க்கும் சோதனையைத் திருப்பும் கெடு முடிந்த பிறகு செய்யுங்கள். நனைந்த பையைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். தையல் துளை வழியே கொஞ்சம் கசிவது எல்லாப் பையிலும் உள்ளதுதான். அதற்குப் பத்து நிமிட மழையைத் தாங்கும் தனி மழை உறை ஒன்று வாங்கி வைத்தால் தீர்ந்தது.

விமானத்தில் போகிறவர்கள் பையை எடைபோட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. தண்ணீர் இல்லாமல் 18 டிஸ்க்குகளுடன் முதுகுப் பை அதற்குள் அடங்கும், ஆனால் விறைப்பான பெரிய பை அளவு வரம்பில் மாட்டலாம்.

8. வைத்துக்கொள்ளும் முறை

ஆடி முடித்ததும் டிஸ்க்குகளை வெளியே எடுத்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, நிழலில் வாய் திறந்து வையுங்கள். ஐப்பசி மழையில் ஈரத்தோடு மூடி வைத்த பைக்குள் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள், உட்பூச்சு உரியும். செம்மண் புழுதி ஜிப்பில் ஏறி இறுகினால் பழைய தூரிகையால் துடைத்துவிட்டு மெழுகுவத்தியைப் பல்வரிசைமேல் தேய்த்தால் ஓடும். எண்ணெய் போட்டால் புழுதி இன்னும் சேரும். வெயிலில் நிற்கும் காருக்குள் டிஸ்க்குகளோடு பையை விட்டுவிட்டால் மலிவான பிளாஸ்டிக் டிஸ்க்குகள் வளைந்துபோகும். தோட்டத்துச் சாலையில், அதாவது கொட்டகையில், வைக்கிறவர்கள் தரையில் வைக்காமல் ஆணியில் மாட்டுங்கள், பையில் கடலை மிட்டாயை விட்டுவைக்காதீர்கள். முதலாவது கரையானுக்காக, இரண்டாவது எலிக்காக.